பேனை கொண்டைக்குப் போனால்

கொண்டையிலிருந்து பேனையை உருவுவாள். மூடியைப் பல்லால் கடித்து இழுப்பாள். இடக்கை மணிக்கூட்டைப் பார்த்து, "ஆறு பதினேழு" என்று வாய்விட்டுச் சொல்லுவாள். அதற்குப் பிறகுதான் வசந்தினி எழுதுவாள். எழுதிய தாளை யன்னல் கம்பிக்குள்ளால் வெளியே தள்ளுவாள். பஸ் சாரதி கையெழுத்து வைப்பார். தாள் உள்ளே வரும். பேனை மூடப்பட்டுத் திரும்பவும் கொண்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அது போய்விட்டால் எழுதிய நேரம் மாறாது. திருகோணமலைப் பஸ் நிலையத்தில் இதை எல்லாரும் அறிவார்கள். "பேனை கொண்டைக்குப் போயிட்டுது, இனிக் கதைச்சு வேலையில்லை" என்று வாதாடுகிறவனின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள்.

வசந்தினிக்கு நாற்பத்தைந்து வயது. பதினொரு வருடமாக அந்தச் சின்ன அறைக்குள் நேரக் கணிப்பாளராக இருக்கிறாள். நிலாவெளி, புல்மோட்டை என்று வடக்கே போகிற பஸ்கள் ஒரு பக்கம். கிண்ணியா, மூதூர், தோப்பூர் என்று தெற்கே போகிற பஸ்கள் மற்றப் பக்கம். எது எத்தனை மணிக்கு வந்தது, எது எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதை எழுதுவதுதான் அவளுடைய வேலை. பார்க்கிறவருக்கு இது சின்ன விசயம். பஸ்காரருக்கு அப்படியல்ல. இரண்டு நிமிடம் பிந்தினால் பின்னால் வருகிற பஸ் முன்னுக்குப் போய்விடும். வழியில் காத்து நிற்கிற சனமெல்லாம் அதில் ஏறிவிடும். ஆகவே அந்த யன்னலடியில் ஒரு நாளைக்கு நாற்பது தரம் சண்டை கிளம்பப் பார்க்கும். கிளம்புவதில்லை. கத்துகிறவருடைய தாளை அவள் எல்லாருக்கும் கடைசியாகத்தான் எடுப்பாள். "நீங்கள் கத்தி முடியுங்கோ. நான் அதுக்கிடையில மற்ற வேலையைப் பாக்கிறன்" என்று சொல்லும்போது அவளுடைய குரலில் கோபம் இருக்காது. அதுதான் கத்துகிறவரை இன்னும் சோரச் செய்யும்.

நிலையத்துக்குள் நுழைகிற இடத்தில், தரையில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. அது அவள் போடுவித்தது. அவள் வேலைக்கு வந்த புதிதில் 'வந்துவிட்டேன்' என்றால் என்ன என்பதிலேயே அடிபாடு. சந்தியில் திரும்பியதையே வந்ததாகச் சொன்னார் ஒருவர். சனம் இறங்கினால்தான் வந்தது என்றார் இன்னொருவர். வசந்தினி சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவள். ஏழு வயதில் விடியக் காலையில் கரையில் நின்று, எந்தத் தோணி முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று பார்த்து வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வைத்து, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரைக் கெடுத்ததற்குத் தனக்கும் தன் அண்ணனுக்கும் சேர்த்து அடி வாங்கிக் கொடுத்தவள். தோணியின் மூக்கு மணலில் முட்டினால் அது வந்துவிட்டது. முட்டாதவரைக்கும் அது கடலில்தான் நிற்கிறது. அந்தக் கணக்கையே பஸ்ஸுக்கும் வைத்தாள். முன் சக்கரம் கோட்டைத் தொட்டால் வந்தது. தொடாவிட்டால் வரவில்லை. அன்றோடு அந்தச் சண்டை ஓய்ந்தது.

புல்மோட்டை பஸ் ஓட்டுகிற தனஞ்சயன் அவளுடைய கணவன். வீட்டில் அவனை "இஞ்சேருங்கோ" என்பாள்; யன்னலில் "றைவர்" என்பாள். ஒருநாள் நிலாவெளி வயல் பக்கத்தில் மாடுகள் மறித்து, அவன் இரண்டு நிமிடம் பிந்தி வந்தான்.

"வசந்தி, மாடு மறிச்சுப்போட்டுது. ரெண்டு நிமிசம் முந்தி எழுது, என்ன?"

"மாட்டிட்டக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ றைவர், எழுதுறன்."

யன்னலடியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். தனஞ்சயன் அன்று மத்தியானம் வீட்டில் சாப்பிடவில்லை. பின்னேரம் சாப்பிட்டான், சூடை மீன் பொரியல் என்றபடியால் அவனால் வீம்பை அதற்கு மேல் நீட்ட முடியவில்லை.

இந்த இரண்டு நிமிடம்தான் அவளைக் கிரிக்கெட்டுக்கு இழுத்துவிட்டது.

வருடத்துக்கு ஒருமுறை, கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கத் தொடங்கும் நாட்களில், வடக்குப் பக்கத்துப் பஸ்காரரும் தெற்குப் பக்கத்துப் பஸ்காரரும் கடற்கரை மைதானத்தில் மென்பந்து கிரிக்கெட் விளையாடுவார்கள். போன வருடம் ஏழாவது ஓவரோடு ஆட்டம் நின்றுபோனது. நடுவராக வந்த விளையாட்டு ஆசிரியர் கொடுத்த ஒரு 'அவுட்'டுக்காக விக்கெட் தடிகள் பிடுங்கப்பட்டன. ஒரு பஸ்ஸின் பக்கக் கண்ணாடி உடைந்தது. ஆசிரியர் தான் சைக்கிளில் வந்ததையே மறந்து நடந்து வீட்டுக்குப் போனார். இன்னொரு தரம் இப்படி நடந்தால் இனி இந்த ஆட்டமே வேண்டாம் என்று பஸ்காரர் சங்கத்தில் தீர்மானித்துவிட்டார்கள். ஆகவே இந்த வருடம் இரண்டு அணித் தலைவர்களும் சேர்ந்து யன்னலடிக்கு வந்தார்கள். ஒருவன் மதிசுதன், தனஞ்சயனின் பஸ்ஸில் நடத்துநர். மற்றவர் முத்தலிப், தோப்பூர் பஸ் சாரதி. அவருடைய பஸ்ஸுக்கு ஹோர்ன் தேவையில்லை, அவர் தலையை வெளியே நீட்டிக் கூப்பிட்டாலே மாடும் ஒதுங்கும் என்று சொல்வார்கள்.

"மிஸ், இந்த முறை நீங்கள்தான் அம்பயர்," என்றார் முத்தலிப்.

"எனக்குக் கிரிக்கெட் தெரியாது."

"தெரிஞ்ச ஆள்தான் போன முறை வந்தவர். கண்டது போதும்."

"என்ர மனுசன் மற்றப் பக்கத்தில விளையாடுறார்."

"அதாலதான் கேக்கிறம். அந்தாளுக்கு ரெண்டு நிமிசம் குடுக்காதனீங்கள், ரெண்டு ரன்னோ குடுக்கப் போறீங்கள்?"

"எங்களுக்குத்தான் மிஸ் பயம்," என்றான் மதிசுதன். "அண்ணையை நீங்கள் பாக்கிற பார்வைக்கு, அவர் மட்டையைத் தூக்க முன்னமே அவுட் குடுத்திடுவீங்கள்."

வசந்தினி நாட்காட்டியைப் பார்த்தாள். மூன்று வாரம் இருந்தது. "மூண்டு கிழமை காணும், படிச்சிடுவன்," என்றாள். தாளில் எழுதுகிற மாதிரி அதையும் ஒரு துண்டில் எழுதி, பேனையைக் கொண்டைக்குள் வைத்தாள். அதன் பிறகு அவளாலேயே பின்வாங்க முடியாது.

யாரிடம் படிப்பது? வீட்டிலேயே விளையாட்டுக்காரன் இருந்தும் அவனிடம் கேட்கவில்லை. ஒரு பக்கத்து ஆளிடம் சட்டம் படித்துவிட்டு மறுபக்கத்துக்குத் தீர்ப்புச் சொல்ல ஏலாது என்பது அவளுடைய நியாயம். அவள் போனது பஸ் நிலையத்தை ஒட்டித் தேநீர்க்கடை நடத்துகிற ஜெஸீமாவிடம். கிண்ணியாவிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருகிற ஜெஸீமாவுக்கு இரண்டு விசயத்தில் விட்டுக்கொடுப்பு இல்லை: தேநீரின் சாயமும் கிரிக்கெட்டும். கடைச் சுவரில் தொலைக்காட்சி. ஆட்டம் நடக்கும்போது பற்றீஸ் கேட்டு வருகிறவர் ஓவர் முடியும்வரை நிற்கத்தான் வேண்டும்.

முதல் நாள் வசந்தினி பந்தையே பார்க்கவில்லை. நடுவில் தொப்பியோடு நின்றவரை மட்டும் பார்த்தாள்.

"இஞ்ச பாரு புள்ள, அடிக்கிறவனப் பாரு!" என்று ஜெஸீமா அவளுடைய தோளைத் தட்டினாள்.

"எனக்கு அவர்ட வேலை இல்லையே. இவர்ட வேலைதானே எனக்கு."

கேட்டவற்றையெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினாள். எழுத்து எப்போதும்போலக் குண்டு குண்டாக, கோட்டை விட்டு விலகாமல். ஓவர் என்பது பஸ்ஸின் ஒரு நடை. ஆறு பந்தோடு நடை முடியும். பிறகு மற்ற முனையிலிருந்து அடுத்த நடை. துடுப்பாட்டக்காரர் இரண்டு பேரும் ஒரே வீதியில் எதிரெதிராக ஓடுகிற இரண்டு பஸ்கள். வைட் என்றால் வழி தவறிப் போன பஸ். அதற்கு ஓட்டம் உண்டு, அந்தப் பயணம் கணக்கில் இல்லை. நோ போல் என்றதும் பேனை நின்றது.

"அப்ப அந்தப் பந்து நடக்கேல்ல எண்டோ எழுதுறது?"

"நடந்திச்சு. ஆனாக் கணக்கில்ல."

"கணக்கில்லாட்டி ஏன் ஓட்டம் குடுக்கினம்?"

ஜெஸீமா தேநீர் வடியை மேசையில் வைத்துவிட்டு யோசித்தாள். "எங்கட வாப்பா ஆயிரம் மேட்ச் பாத்தவர். இந்தக் கேள்விய அவரும் கேக்கல்ல," என்றாள்.

எல்லாவற்றையும் விட அவளை வதைத்தது காலில் படுகிற பந்து. கால் இல்லாவிட்டால் பந்து விக்கெட்டில் பட்டிருக்குமா என்று நடுவர் யோசிக்க வேண்டும் என்றாள் ஜெஸீமா. வசந்தினிக்கு அது பிடிக்கவேயில்லை. பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால் நேரத்துக்கு வந்திருப்பேன் என்று சொல்கிற சாரதிக்கு அவள் ஒருநாளும் நேரம் எழுதிக் கொடுத்தவளல்ல. நடக்காததை எப்படி எழுதுவது? நான்கு நாள் அதற்கே போனது. கொப்பியில் மூன்று பக்கம், கால்களின் படம் உட்பட. ஐந்தாம் நாள் முத்தலிப்பையும் மதிசுதனையும் யன்னலடிக்குக் கூப்பிட்டு, இந்தச் சட்டத்தில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று தயக்கத்தோடு தொடங்கினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மிஸ், மென்பந்தில அந்தச் சட்டமே இல்லை," என்றான் மதிசுதன்.

ஜெஸீமாவுக்குத் தொலைக்காட்சிக் கிரிக்கெட்தான் தெரியும். வசந்தினி கொப்பியை எடுத்தாள். மூன்று பக்கத்துக்கும் குறுக்கே ஒவ்வொரு கோடு கீறி, பக்கத்தில் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தாள். தவறு வந்தால் அவள் அழிப்பதில்லை, சுரண்டுவதில்லை. எழுதியது தெரியத்தக்கதாக ஒரே கோடு, பக்கத்தில் சரியானது, கையெழுத்து.

வீட்டில் அந்த மூன்று வாரமும் கிரிக்கெட் என்ற சொல் எழவில்லை. ஒருநாள் காலையில் தனஞ்சயன் குசினிக்குள் எட்டிப் பார்த்தான். வசந்தினி ஒரு கையில் அகப்பையோடு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி நின்றாள்.

"சிக்ஸோ?" என்றான் ஆசையோடு.

"உங்களோட இதைப் பற்றிக் கதைக்க ஏலாது. நீங்கள் விளையாடுறனீங்கள்," என்று கையை இறக்கிச் சொதியைத் துழாவினாள்.

ஆட்டத்துக்கு முதல் நாள் மட்டும் ஜெஸீமாவிடம் மனம் திறந்தாள். "எனக்கு யார் வெண்டாலும் ஒண்டுதான் ஜெஸீமாக்கா. நாளைக்கு ஒரு சொல்லுப் பிழைச்சுதெண்டால், திங்கக்கிழமை அந்த யன்னல்ல நான் சொல்லுறதை ஒருத்தரும் எடுக்க மாட்டினம். பதினொரு வருசமும் போயிடும்."

ஞாயிறு பின்னேரம் மூன்று மணி. வேலைக்குக் கட்டுகிற அதே நீலச் சேலை, காலில் வெள்ளைச் சப்பாத்து. முத்தலிப் கொண்டுவந்து கொடுத்த தொப்பி கொண்டைக்கு மேலே கோபுரம்போல நின்றது. ஒவ்வொரு பந்துக்கும் தொப்பியைத் தூக்கிப் பேனையை எடுக்க வேண்டியிருந்ததால், இரண்டாவது ஓவரில் அதைக் கழற்றி, மற்ற முனையில் நின்ற இரண்டாம் நடுவர் சிவபாதத்திடம் கொடுத்தாள். சிவபாதம் ஓய்வுபெற்ற பயணச்சீட்டுப் பரிசோதகர். ஏற்கெனவே ஒரு தொப்பி போட்டிருந்தார். அதற்கு மேலே இதையும் போட்டுக்கொண்டார்.

பத்து ஓவர் ஆட்டம். தெற்குப் பக்கம் முதலில் துடுப்பெடுத்தது. வசந்தினி ஒவ்வொரு பந்தையும் நேரத்தோடு எழுதினாள்: மூன்று நான்கு, மூன்று நான்கு, மூன்று ஐந்து. பழைய கோட்டை மதில் பக்கமிருந்து வந்த ஒரு மான் எல்லைக் கோட்டுக்குள் நின்று புல் மேய்ந்தபோது ஆட்டத்தை நிறுத்தி, அது தானாகப் போகும்வரை பொறுத்து, 'மான், இரண்டு நிமிடம்' என்று குறித்தாள். முதல் ஓவரில் வடக்குப் பக்கத்துப் பதினொரு பேரும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். அவள் அவர்களைப் பார்க்காமல் கொப்பியைப் பார்த்தாள்.

"கத்தி முடியுங்கோ. பிறகு ஒராள் கேளுங்கோ."

நான்காவது ஓவரில் பந்துவீச்சாளர்கள் பழகிவிட்டார்கள். "மிஸ், அது அவுட்டோ?" என்று கந்தோர் மேசைக்கு முன்னால் நிற்பதுபோலக் கேட்டார்கள். "இல்லைத் தம்பி" என்று அவளும் மரியாதையாகவே சொன்னாள். மைதானத்தைச் சுற்றி நின்ற சனத்துக்கு இது ஆட்டத்தை விடப் பிடித்துக்கொண்டது.

ஒன்பதாவது ஓவர் தனஞ்சயனுடையது. முத்தலிப் பந்தைத் தட்டிவிட்டு, ஒரு ஓட்டத்துக்காக வசந்தினி நின்ற முனைக்கு ஓடி வந்தார். பந்து தனஞ்சயனின் கைக்கு வந்தது. தடியைத் தட்டி விழுத்தினான். அந்த நேரம் முத்தலிப்பின் மட்டை நுனி சுண்ணாம்புக் கோட்டின் மேலே இருந்தது. வசந்தினி கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"வந்திட்டார்," என்றாள்.

தனஞ்சயனே தலையை ஆட்டிவிட்டுத் தடியை நட்டான். பேனை கொண்டைக்குப் போனது. முத்தலிப் அதன் பிறகு பதினொரு ஓட்டம் எடுத்தார். தெற்குப் பக்கம் எழுபத்து நான்கு.

இடைவேளையில் கட்லற்றும் பிளேன்டீயும் கொண்டு வந்த ஜெஸீமா, அவளை வேப்ப மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"வசந்தி, ஒண்டு சொல்றன், கோவிக்காத. முத்தலிப் ஓடி வரக்குள்ள மட்டை கோட்டுக்கு மேலதானே இருந்திச்சு?"

"ஓம். தொட்டவர். கண்டனான்."

"தொட்டாக் காணாது புள்ள. தாண்டோணும். கோட்டுக்கு மேல எண்டா அவுட்டு."

வசந்தினி கொப்பியை விரித்தாள். இரண்டாம் நாள் பக்கத்தில் அவளுடைய சொந்தக் கையெழுத்தே இருந்தது: 'ஓடி வருபவரின் மட்டை கோட்டுக்கு உள்ளே ஊன்ற வேண்டும்.' கை சரியாகத்தான் எழுதியிருக்கிறது. கண்தான் பஸ் நிலையத்துக் கோட்டைப் பார்த்திருக்கிறது.

"ஒருத்தருக்கும் விளங்கல்ல," என்று ஜெஸீமா குரலைத் தாழ்த்தினாள். "விட்டுரு. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும். சொன்னா உன்ட மனுசனுக்காகச் சொல்றாய் எண்டுவானுகள்."

அது உண்மைதான் என்று வசந்தினிக்கும் தெரிந்தது. சொல்லாவிட்டால் கொப்பியில் ஒரு பொய் இருக்கும். சொன்னால் இன்னொரு கண்ணாடி உடையும். உடைவது பஸ்ஸின் கண்ணாடியோடு நிற்காது. பிளேன்டீ ஆறும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கோப்பையை ஜெஸீமாவிடம் கொடுத்துவிட்டு, வீரர்கள் இருந்த இடத்துக்கு நடந்து போனாள். எல்லாருக்கும் முன்னால் நின்று கொண்டையிலிருந்து பேனையை உருவினாள்.

கட்லற் கடித்தவர்கள் அப்படியே நிறுத்தினார்கள். தெற்குப் பக்கத்துக் கணக்கை முடித்து உள்ளே போன பேனை அது. முடிந்த கணக்குக்காக அது திரும்ப வெளியே வந்ததை அவர்கள் ஒருநாளும் கண்டதில்லை.

"நான் ஒரு பிழை விட்டனான்," என்றாள். "முத்தலிப் றைவர்ட மட்டை கோட்டைத் தொட்டது. தாண்டேல்ல. கிரிக்கெட்டில அது அவுட்டாம். நான் எங்கட பஸ் ஸ்ராண்ட் கோட்டை நினைச்சு, வந்திட்டார் எண்டு சொல்லிப்போட்டன்."

மதிசுதன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ மிஸ்! சின்ன வயசில இருந்து விளையாடுறம், எங்களுக்கும் தோணேல்லையே. பஸ் சில்லுத் தொட்ட மாதிரியெல்லோ பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்!"

"அப்ப அந்தப் பதினொரு ரன்?" என்று தனஞ்சயன் வாய் நிறையக் கட்லற்றோடு எழும்பினான்.

"இப்ப ஏன் மிஸ் சொல்றீங்க?" முத்தலிப்பின் குரல் கடல்வரைக்கும் கேட்டது. "உங்கட ஆள் மட்டை பிடிக்கப் போறாரெண்டோ?"

இரண்டு பக்கமும் எழும்பிவிட்டது. ஒருவன் விக்கெட் தடியைத் தேடினான். வசந்தினி கொப்பியை விரித்தாள். மணிக்கூட்டைப் பார்த்தாள், எழுதினாள், திரும்பவும் பார்த்தாள். அவர்கள் கத்தி முடியும்வரை நின்றாள். மூன்று நிமிடம் எடுத்தது.

"போன பஸ்ஸைத் திருப்பிக் கூப்பிடுறதில்லை," என்றாள் பிறகு. "பதினொரு ஓட்டமும் தெற்குப் பக்கத்துக்குத்தான். ஆனா போற நடைக்கு ஒரு சட்டம், திரும்பி வாற நடைக்கு வேற சட்டம் ஏலாது. இண்டைக்கு முடியுமட்டும் இது ஸ்ராண்ட் கோடு. தொட்டா வந்தது, ரெண்டு பகுதிக்கும். ஓமெண்டால் ரெண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ. இல்லாட்டி நான் வீட்ட போறன், நீங்கள் தடியைப் பிடுங்குங்கோ."

முதலில் எழுதியதன் மேல் ஒரு கோடு கீறியிருந்தாள். பக்கத்தில் சரியானது, அவளுடைய கையெழுத்து. அதற்குக் கீழே இரண்டு வெற்றிடம். மதிசுதன் வைத்தான். முத்தலிப் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வைத்தார்.

வடக்குப் பக்கம் வேகமாகத் தொடங்கி, நடுவில் வழுக்கி, கடைசி ஓவரில் தொண்டைக்குழிக்கு வந்து நின்றது. கடைசிப் பந்துக்கு இரண்டு ஓட்டம் வேண்டும். பந்து முத்தலிப்பின் கையில். எதிர்முனையில் மட்டையோடு மதிசுதன். வசந்தினிக்குப் பக்கத்தில், ஓடுவதற்குக் குனிந்து நின்றவன் தனஞ்சயன்.

மதிசுதன் அடித்தான். பந்து மான் மேய்ந்த பக்கமாக உருண்டது. ஒன்று ஓடி, திரும்பினார்கள். வசந்தினி ஜெஸீமா சொல்லிக் கொடுத்தபடி பக்கவாட்டில் விலகிக் குனிந்து, பந்தை விட்டுவிட்டு, கோட்டை மட்டும் பார்த்தாள். தனஞ்சயன் கடைசி மூன்று அடியையும் வயிற்றில் சறுக்கி வந்தான். மட்டை கோட்டில் முட்டிச் சுண்ணாம்பு கிளம்பியதைக் கண்டாள். அதற்குப் பிறகு தடி விழுகிற சத்தம் கேட்டது. புழுதிக்குள் முத்தலிப்பும் தனஞ்சயனும் ஒருவருக்கு மேல் ஒருவராகக் கிடந்தார்கள்.

முத்தலிப் தலையைத் தூக்கினார். கத்தவில்லை. "மிஸ்?" என்றார், சின்னக் குரலில்.

விரலைத் தூக்குவது மிகவும் எளிது என்று வசந்தினி அறிந்திருந்தாள். சொந்தப் புருஷனுக்கே அவுட் கொடுத்தாள் என்று நாளைக்கு நிலையம் முழுக்கப் புகழும். கண்ணாடி உடையாது. யன்னலுக்கு ஒரு குறையும் வராது. தனஞ்சயன் ஒரு நேரம் சாப்பிடாமல் இருப்பான், அவ்வளவுதான். பேனையை உருவிக் கையில் எடுத்தாள்.

"மட்டையைக் காட்டுங்கோ, றைவர்."

அவன் கிடந்தபடியே தூக்கிக் காட்டினான். நுனி நீளத்துக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு.

"வந்திட்டார்," என்றாள். "அதுக்குப் பிறகுதான் தடி விழுந்தது."

வடக்குப் பக்கம் துள்ளவில்லை. ஒருவரும் துள்ளத் துணியவில்லை. தெற்குப் பக்கத்துப் பத்துப் பேரும் முத்தலிப்பைப் பார்த்தார்கள். சுண்ணாம்பு, தொட்டதைத்தான் சொல்லும். தொட்டது முந்தியா, விழுந்தது முந்தியா என்று அது சொல்லாது. அதற்கு அவளுடைய வாய்ச் சொல்லைத் தவிர வேறு சாட்சியில்லை. பேனை இன்னும் அவளுடைய கையில்தான் இருந்தது. வாதாடுவதென்றால் இப்போதுதான்.

முத்தலிப் எழும்பிச் சாரத்தில் கை துடைக்கப் பார்த்து, தான் காற்சட்டையோடு நிற்பதை உணர்ந்து, அதிலேயே துடைத்தார். விரலால் மட்டை நுனியைத் தடவினார். அந்த விரலை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"ரைம் என்ன மிஸ்?"

"ஐஞ்சு நாப்பத்திரெண்டு."

"தாங்க கொப்பிய."

அவர் கையெழுத்து வைத்த இடத்தில் வெள்ளை விரல் அடையாளமும் சேர்ந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் வடக்குப் பக்கத்துக்கு மூச்சு வந்தது; ஜெஸீமா பிளேன்டீக் கோப்பையைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டத் தொடங்கினாள்; சிவபாதத்தின் இரண்டு தொப்பியும் காற்றோடு கடலைப் பார்த்து ஓடின.

தனஞ்சயன் இன்னும் புழுதிக்குள்ளேதான் கிடந்தான். "வசந்தி, இனி எழும்பலாமோ?"

"கையெழுத்து வைச்சிட்டு எழும்புங்கோ, றைவர்."

குனிந்து கொப்பியை நீட்டினாள். அவன் கிடந்தபடியே கிறுக்கினான். வசந்தினி பேனையை வாங்கி, நுனியில் ஒட்டிய மணலை ஊதித் தட்டி, மூடியைப் போட்டு, கொண்டைக்குள் செருகினாள்.